பாதி மெட்டைத் தேடிச் சித்தூர் போனோம்

சித்தூர் போய்வந்ததை நான் வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். திருநெல்வேலியிலிருந்து நான் சென்னைக்கு நர்ஸ் வேலைக்கு வந்தபோது சித்தூரும் நாங்களும் ஒரே ராஜதானி. அப்புறம் ஆந்திர ராஜ்யம் தனியாகப் போனது. நாங்கள் போன சமயத்தில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லையைத் திருத்தி எழுதும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆக, கடல் தாண்டாவிட்டாலும் நான் ஒரு ராஜ்யம் தாண்டியிருக்கிறேன். என்னோடு வந்த நோரா சிஸ்டரோ அயர்லாந்துக்காரர். அவருக்குப் பூந்தமல்லியும் வெளிநாடுதான்.

நோரா சிஸ்டர் எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெரியவர். ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பல வருஷம் இங்கே இருந்தும் அவருடைய தமிழ் முழுக்க வார்டுத் தமிழ். "வாயைத் திற, மூச்சை இழு, வலி எங்கே" என்பதைச் சுத்தமாகச் சொல்வார். அதற்கு வெளியே போனால் ஆங்கிலம்தான். அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பக் கப்பலுக்குச் சீட்டு வாங்கியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டை நாள் பூராவும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் சைக்கிளில் பெண்ணைத் துரத்திக்கொண்டு பாடும் பாட்டு. ஒருநாள் நோரா சிஸ்டர் ஒரு நோயாளியின் வாயில் தெர்மாமீட்டரை வைத்தவர், எடுக்க மறந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். என்ன சிஸ்டர் என்று கேட்டேன். "இது என் அப்பாவின் மெட்டு" என்றார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய அப்பா தொண்ணூறு தாண்டியவர். கடலோரக் கிராமத்தில் பிடில் வாசிப்பவர். அவர்கள் ஊர்ப் பழைய மெட்டுகளுக்கு இரண்டு பாதிகள் உண்டாம். முதல் பாதி தாழ்வாகவே சுற்றிவரும், மறுபாதி மேலே ஏறும். இந்த மெட்டில் அவருடைய அப்பாவுக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும். மறுபாதி தெரிந்தவர் அப்பாவின் சித்தப்பா. அவர் பட்டாளத்து பேண்டில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை. அப்போது இவருடைய அப்பா சின்னப் பையன். கேட்டது நினைவில் இருக்கிறது, விரலுக்கு வரவில்லை. "யாராவது வாசித்தால் இதுதான் என்று உடனே சொல்லிவிடுவேன்" என்று ஆயுள் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் பாதியை எடுத்துக்கொள்ளாதவர்களே கிடையாது. அயர்லாந்தில் நாடகக் கொட்டகைக்காரர்கள் அதில் குடிகாரப் பாட்டு கட்டினார்கள். பட்டாளத்தார் நடைபோட எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள் கொண்டுபோக, அங்கே ஒரு சினிமாவில் கௌபாய்கள் அதற்கு ஆடினார்களாம். இப்போது எங்கள் ஊர்க் கதாநாயகன் சைக்கிளோடு வந்து சேர்ந்திருக்கிறான். எல்லோருக்கும் முன்பாதி போதும். பின்பாதியை ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் வார்டில் அப்போது குடலிறக்க ஆபரேஷன் ஆன ஒருவர் படுத்திருந்தார். ஸ்டுடியோவில் கிளாரினெட் வாசிப்பவர். கேட்டோம். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். "அந்த மெட்டா? எங்க மாஸ்டர் சித்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போனாரு. பேண்டு செட்டுக்காரங்க வாசிச்சதைக் கேட்டுட்டு வந்து பல்லவியா போட்டுட்டாரு. சரணத்துக்கு எதையோ ஒட்டிக்கிட்டாரு. எத்திராஜு பேண்டுன்னு கேளுங்க, சொல்வாங்க." நோரா சிஸ்டர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. கப்பல் ஏறுவதற்குள் மறுபாதி கிடைத்துவிட்டால், கிழவரின் காதில் போட்டுவிடலாம். அதற்குத்தான் இந்தப் பயணம்.

முதல் நாள் பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் எல்லைத் தகராறு. ஒருவர் வாழைத்தார் வைத்திருந்தார், இன்னொருவர் குடை வைத்திருந்தார். வாழைத்தார் சொன்னார்: "எங்க ஊரை அந்தப் பக்கம் தள்ளிட்டு, எம் மாமியார் ஊரை இந்தப் பக்கமே வுட்டுட்டாங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க." குடைக்காரர் நிதானமாகக் கேட்டார்: "அதுக்கு ஏன்யா அழுவற? சந்தோசப்படு." பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் தமிழில் ஆரம்பித்து, சில்லறைக்கு வந்ததும் தெலுங்கில் திட்டி, மறுபடி தமிழில் சமாதானம் சொன்னார். யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நோரா சிஸ்டர் மட்டும், "இப்போது எந்த பாஷையில் கோபித்துக்கொண்டார்?" என்று கேட்டார்.

வழியில் இன்ஜின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. டிரைவர் ஒரு வயல் கிணற்றுக்குப் போனார். நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். வைகாசி வெயில். பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு, மூக்கு நீண்ட பழங்கள் சிலவற்றைக் கொடுத்தார். நோரா சிஸ்டர் கைக்குட்டையை விரித்துக் கத்தி தேடினார். "கடிச்சித் துன்னும்மா, கத்தி எதுக்கு?" என்றார் வண்டிக்காரர். கடித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. ஆஸ்பத்திரியில் நகத்துக்கடியில் அழுக்கிருந்தால் எங்களை வெளியே அனுப்புகிறவர் அவர்.

சித்தூரில் மிஷன் சபையார் வீடொன்றில் தங்க இடம் கிடைத்தது. எத்திராஜு பேண்டு அன்று ஒரு கல்யாணத்தில் இருந்தது. நேரே அங்கே போனோம். மாப்பிள்ளை அழைப்பு. சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், கீழே மட்டும் அவரவர் வேட்டி. நடுவில் நின்று கிளாரினெட் வாசித்த பெரிய மீசைக்காரர்தான் எத்திராஜு. அறுபது வயது சொல்லலாம். நாங்கள் போய்ச் சேரவும் அவர் அந்த மெட்டை எடுக்கவும் சரியாக இருந்தது.

டீக்கடை ஒலிபெருக்கியில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே அது துள்ளியது. டிரம்மு அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளையின் சேக்காளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். நோரா சிஸ்டரின் கால் செருப்புக்குள் தாளம் போட்டது. அந்தத் தாளம் எங்கள் ஊர்த் தாளம் இல்லை, அவர் ஊர்த் தாளம். ஆனாலும் டிரம்மோடு அப்படியே பொருந்தியது. இவருடைய ஊர்க் குளிர்க்காற்றில் யாரோ எப்போதோ வாசித்தது, வியர்வையில் நனைந்த இந்தச் சிவப்புக் கோட்டுக்குள் எப்படி வந்து குடியிருக்கிறது? வழியில் எத்தனை பேர் வாயிலும் விரலிலும் தங்கியிருக்கும்!

கூட்டத்தில் ஒரு வாலிபன் கத்தினான்: "டேய், சினிமாப் பாட்டு வாசிக்கிறாங்கடா!" எத்திராஜு உடனே கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மாப்பிள்ளை குதிரை மேல் காத்திருந்தார். "சினிமாப் பாட்டு இல்ல தம்பி. இது எங்க வூட்டு மெட்டு. சினிமாக்காரன்தான் எங்ககிட்டருந்து எத்துக்கினு போனான். போய் அவனை நிறுத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தார்.

பந்தியில் எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். கத்தரிக்காய்க் கூட்டும் மாங்காய்ப் பச்சடியும் பிரமாதம். நோரா சிஸ்டரின் அப்பாவைப் பற்றி நான் எடுத்துச் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க நைனா பெங்களூரு கண்டோன்மென்ட்ல பட்டாளத்து பேண்டுல இருந்தவரு. அங்க ஒரு வயசான தொரகிட்டருந்து எத்துக்கினு வந்த மெட்டு அது" என்றார்.

நோரா சிஸ்டர் அந்தத் துரையின் பெயரைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"தொரைக்கு ஏதும்மா பேரு? தொரன்னா தொரதான்."

அப்பாவின் சித்தப்பாவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். இதற்கு ஒரு மறுபாதி இருக்கிறதாமே, அதை வாசித்துக் காட்டுவீர்களா?

எத்திராஜு சட்டென்று பின்னால் திரும்பி, யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தார். "என்னா கேக்கறீங்கன்னு தெரிஞ்சிதான் கேக்கறீங்களா? முகூர்த்த வூட்ல உக்காந்துக்கினு? அது சாவு மெட்டும்மா. அதுவும் எம் பாகம் இல்ல. எந்தம்பி பாகம்."

பாகமா என்றேன். அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. அவர்கள் அப்பா முன்பாதியை வேகமாக மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிப்பார். பின்பாதியை நிறுத்தி நிதானமாக, பிணம் எடுத்துப் போகும்போது வாசிப்பார். தனியாகப் பழகும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து வாசிப்பாராம். அவர் போன பிறகு அண்ணன் தம்பி சண்டை. பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். வீடு, பாத்திரம், டிரம்மு, கோட்டு எல்லாம் முடிந்த பிறகு மெட்டுகள். கல்யாண மெட்டெல்லாம் அண்ணனுக்கு, சாவு மெட்டெல்லாம் தம்பிக்கு. ஒருவர் பாகத்தை மற்றவர் வாயிலும் எடுப்பதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம்.

"பாவம், தம்பிக்குச் சாவைத் தள்ளிவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

எத்திராஜு இலையை மடித்த வேகத்தில் ரசம் என் புடவையில் தெறித்தது. "நானா தள்ளனேன்? கேட்டு வாங்கிக்கினான்மா அவன்! ஆடி வந்தா கல்யாணம் இல்ல, மார்கழி வந்தா இல்ல. நான் வூட்ல குந்திக்கினு ஈ ஓட்டணும். சாவுக்கு ஏது ஆடி, ஏது மார்கழி? வருசம் பூரா அவனுக்கு வேலை. நல்லா யோசிச்சித்தான் கேட்டான். அன்னிலருந்து அவன் மூஞ்சியில முழிக்கிறதில்ல." தம்பி கோவிந்தசாமி திருப்பதியில் இருக்கிறார் என்பதை மட்டும் மகள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் திருப்பதி. காணிப்பாக்கம் கோவிலுக்குப் போய்வந்த குடும்பமொன்று கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ஊர் வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. மலை தெரிய ஆரம்பித்ததும் பஸ்ஸில் எல்லோரும் கையைக் கூப்பினார்கள். சற்றுமுன் கண்டக்டரோடு சண்டை போட்டவர் கண்ணில் நீர் வைத்துக்கொண்டு நின்றார். நான் சர்ச்சுக்குப் போகிறவள். இருந்தாலும் அந்த மலை அப்படி எழுந்து நின்றதைப் பார்த்து, மடியிலிருந்த குழந்தையை அதற்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். நோரா சிஸ்டர் மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோவிந்தசாமி அண்ணனைப் போல இல்லை. மீசை கிடையாது, சிரித்த முகம். அவர் மனைவி எங்களை உட்காரவைத்து ராகிக் களியும் வேர்க்கடலைத் துவையலும் போட்டார். "மென்னாதீங்க, அப்படியே முழுங்குங்க" என்று நோரா சிஸ்டருக்குக் களி தின்னும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். சிஸ்டர் மாத்திரை விழுங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். உள் அறையில் அவர்கள் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம்.

கோவிந்தசாமி எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்து இரண்டு கையையும் விரித்தார்.

"உங்க நைனாவுக்கு நான் வாசிக்கமாட்டேனா? ஆனா சாவு விழாம சாவு மெட்டு எடுக்கக் கூடாதும்மா. எடுத்தா அது சாவைத் தேடும். உள்ள பாருங்க, பொண்ணு வயித்தோட படுத்துக்கினு இருக்குது. முணுமுணுக்கக் கூட மாட்டேன்."

ஊருக்கு வெளியே போய் வாசித்தால் என்ன என்று நான் கேட்டேன். மெட்டுக்கு ஊர் எல்லை தெரியாது என்றார். அப்படியானால் எப்போதுதான் கேட்பது?

"இருங்க. ஊருன்னு இருந்தா ஒண்ணு விழாமலா போவும்?"

ஆக, திருப்பதியில் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு யாராவது சாக வேண்டும் என்று இரண்டு நர்ஸுகள் காத்திருந்தோம். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. நோரா சிஸ்டர் சாப்பிடவே இல்லை. "நாம் செய்வது பாவம்" என்றார். "நாம் ஒன்றும் செய்யவில்லையே, சும்மாதானே இருக்கிறோம்" என்றேன். "அதுதான்" என்றார். மொட்டைத் தலைகளில் சந்தனம் பூசிய குடும்பங்கள் லட்டும் பித்தளைச் சொம்பும் வாங்கிக்கொண்டு எங்களைக் கடந்து போயின. எல்லோரும் ஆயுளைக் கேட்டு வந்த ஊரில் நாங்கள் மட்டும் வேறு எதற்கோ வந்திருந்தோம்.

அடுத்த நாள் காலை கோவிந்தசாமியே வந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தா, வயிற்றுப்போக்கில் படுத்து, நினைவு தப்பி, உறவெல்லாம் வந்து பால் ஊற்றியாகிவிட்டதாம். செட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், இந்த வெயிலுக்கு உடனே எடுத்துவிடுவார்கள், நீங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொள்ளலாம் என்றார். போனோம். கோட்டுப் போட்ட செட்டு எதிர்வீட்டு நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

நோரா சிஸ்டர் வாசலில் நிற்பார் என்று நினைத்தது என் தப்பு. உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிழவரின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். "சாவு இல்லை! தண்ணீர் இல்லை!" என்று வார்டுத் தமிழில் கத்தினார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கேட்டார். தலையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாக, சொட்டுச் சொட்டாக விட்டார். நான் நாடியைப் பிடித்துக்கொண்டு விசிறினேன். சாயங்காலம் கிழவர் கண் திறந்து, மடியில் பிடித்திருந்த வெள்ளைக்கார முகத்தைப் பார்த்து, தான் எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று புரியாமல் பயந்துபோய்ப் பெருமாளைக் கூப்பிட்டார்.

செட்டுக்காரர்கள் கோட்டைக் கழற்றினார்கள். கோவிந்தசாமி தலையைச் சொறிந்தார். "நல்லா சாவைத் தேடிக்கினு வந்தீங்கம்மா! நீங்க இன்னும் கொஞ்ச நாள் இங்க இருந்தா நான் அண்ணன்கிட்டப் போய்க் கல்யாணத்துக்கு டிரம்மு அடிக்க வேண்டியதுதான்." நோரா சிஸ்டர் திருப்பதிக்கு வந்த பிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அதற்கடுத்த நாள் சத்திரத்துக்குத் தந்தி வந்தது. நாங்கள் தங்குமிடத்தைத் தெரிவித்திருந்ததால் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்பா போய்விட்டார்.

நோரா சிஸ்டர் அழவில்லை. தந்தியை மடித்துப் பையில் வைத்தார். பெட்டியைக் கட்டினார். "இனி யாருக்காக?" என்று மட்டும் கேட்டார். சொல்லிக்கொண்டு போகக் கோவிந்தசாமி வீட்டுக்குப் போனோம்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "என்னா வயசு?" என்று கேட்டார். சொன்னேன். "பேரன் பேத்தி எடுத்தவரா?" நோரா சிஸ்டரிடம் கேட்டுச் சொன்னேன்: சிஸ்டரின் கூடப் பிறந்தவர்கள் வழியில் கொள்ளுப்பேரன் வரை பார்த்துவிட்டார். "நோய்ல கெடந்தாரா?" இல்லை. தந்தியில் இருந்தபடி, ராத்திரி பிடிலைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

"அப்ப இது கல்யாணச் சாவும்மா!" என்றார் கோவிந்தசாமி.

நோரா சிஸ்டருக்கு இதை நான் விளக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் நிறைவாக வாழ்ந்து முடித்தவரை அழுது அனுப்புவதில்லை. மாப்பிள்ளையை அழைத்துப் போவது போல மேளம் தாளத்தோடு அனுப்புவோம். அவர் மெதுவாகத் தலையசைத்தார். அவர்கள் ஊரிலும் கிழவர் போனால் பிணத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு பிடில் வாசித்து ஆடுவதுண்டாம்.

கோவிந்தசாமி அதற்குள் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "கல்யாணச் சாவுக்கு ரெண்டும் வேணும். கல்யாண மெட்டும் வேணும், சாவு மெட்டும் வேணும். எம் பாகம் மட்டும் வாசிச்சா பெரியவரைப் பாதி வழியில வுட்ட மாதிரி ஆயிடும். இங்கயும் கூடாது, பொண்ணு இருக்குது. சித்தூருக்குக் கெளம்புங்க." அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். "அண்ணன் வூட்டுக்கா?" "அண்ணன் வூட்டுக்குத்தான். சாவுக்குப் போறவனை யாரும் வாசல்ல நிறுத்தமாட்டாங்க."

நிறுத்தவும் இல்லை. வாசலில் தம்பியைப் பார்த்ததும் எத்திராஜுவின் மீசை ஆடியது. கோவிந்தசாமி அவர் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார்: "இந்தம்மாவோட நைனா தவறிட்டாரு. கல்யாணச் சாவு. எம் பாகத்தோட நான் வந்துக்கினேன்." எத்திராஜு உள்ளே திரும்பி, "கோட்டை எடு" என்று மகளிடம் சொன்னார்.

பிணம் இல்லாத சாவு. அதற்கு என்ன செய்வது என்று கூடிப் பேசினார்கள். எத்திராஜுவின் மனைவி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் கிழக்கே பார்க்கப் போட்டு, மாலை போட்டு, விளக்கு வைத்தார். நோரா சிஸ்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஜனம் கூடியது. "யாரு செத்தது?" "தொரசானியம்மாவோட நைனா." "எங்க?" "சீமையில." கேட்டவர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றுகொண்டார். யாரோ பொரி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

எத்திராஜு ஆரம்பித்தார். அதே மாப்பிள்ளை அழைப்பு மெட்டு. ஆனால் துள்ளலைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு வாசித்தார். ஒரு சுற்று, மறு சுற்று. முடிகிற இடம் வந்தது. வழக்கமாக மறுபடி முதலுக்குப் போகிற இடம். அங்கே அவர் கிளாரினெட்டை இறக்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். மூச்சு விடுகிற நேரம் கூட இல்லை. கோவிந்தசாமி தன் கிளாரினெட்டில் எடுத்துக்கொண்டார்.

கிணற்றிலிருந்து குடம் மேலே வருவது போல அது நிதானமாக ஏறிக்கொண்டே வந்தது. இந்த இடத்துக்காகத்தான் முன்பாதி இத்தனை நேரம் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது என்று எனக்கு, சங்கீதம் தெரியாத எனக்கே, விளங்கிவிட்டது. உச்சியில் போய் ஒரு ஸ்வரத்தில் நின்றது. இறங்க மனமில்லாமல் நின்றது. பிறகு அண்ணனின் வாசலுக்கே திரும்பி வந்து சேர்ந்தது. எத்திராஜு மறுபடி எடுத்தார். பாகம் பிரித்த பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பது அதுதான் முதல்முறை. இருவருக்கும் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை. நான் சர்ச்சில் பாடுகிற எத்தனையோ பாட்டுகளின் மெட்டு கடல் தாண்டி வந்ததுதான். அதுவரை அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மனிதர்களின் மூச்சில் ஏறி இத்தனை தூரம் வரும் ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தார்கள். பிள்ளைகள் பொரி இறைத்தார்கள். வாசித்து முடித்ததும் கோவிந்தசாமி நோரா சிஸ்டரின் எதிரில் வந்து குந்தி உட்கார்ந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"இதாம்மா உங்க நைனா தேடிக்கினு இருந்தது?"

தெரு முழுக்க அவர் வாயைப் பார்த்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த மறுபாதியை நோரா சிஸ்டர் கேட்டதே இல்லை.

"தெரியாது" என்றார் சிஸ்டர், தமிழிலேயே. "இதுதான் அது, சொல்ல ஒரு ஆள்தான். அவருக்குத்தான் வாசிச்சீங்க."

அப்புறம்தான் அழுதார். எத்திராஜுவின் மனைவி மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஒருநாளும் நான் பார்க்காத அழுகை அழுதார். கோவிந்தசாமி என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணனைப் பார்த்தார்.

எத்திராஜு கிளாரினெட்டின் சீவாளியை வேட்டியில் துடைத்தார். மீசையைத் துடைத்தார். முதல்முறையாகத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"சீமை ரொம்பத் தூரம்டா. முதல் வாட்டி அவருக்குச் சரியா கேட்டிருக்காது. எடு, இன்னொரு வாட்டி வாசிப்போம்."

செட்டு மறுபடி எழுந்து நின்றது. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.